இடம்பெயரும் செவிலியர்: சங்கத்தின் பணி முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்

(தலைநகர்ப் பகுதியில் மருத்துவத் துறை ஊழியர்களிடையே பணியாற்றும் தமிழ் பேசும் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தெற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் டெல்லி வந்து சேரும் ரயில்களில் செவிலியர் வேலை தேடி வரும் இளம் பெண்களும் ஆண்களும் ஆண்டு முழுவதும் வந்து இறங்குகின்றனர். அவர்களது உடைமைகளுள் மிக விலை மதிப்புள்ளது ஒரு கோப்பு. பள்ளி மதிப்பெண் பட்டியல்கள், செவிலியர் பட்டயம் அல்லது பட்டம், சொந்த மாநிலக் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ், முன்பு பணியாற்றிய மருத்துவமனையின் அனுபவச் சான்றிதழ் ஆகியவை அதில் உள்ளன. அந்தக் கோப்பு யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு அவர்களது வாழ்க்கை அமைகிறது.

இது தனிநபரின் வேலை தேடல், குடும்ப விவகாரம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அதனால் கட்சித் தோழர்களுக்கு அழைப்பு வருவதும் தாமதமாகவே நிகழ்கிறது. “சான்றிதழைத் தர மறுக்கிறார்கள்”, “வேலையை விட்டால் பணம் கட்டச் சொல்கிறார்கள்”, “விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்” என்ற நிலை வந்த பின்பே யாரேனும் ஒரு தோழரின் தொலைபேசி எண் தேடப்படுகிறது. அதற்குள் கோப்பு நிர்வாகத்தின் அலமாரிக்குள் சென்றிருக்கும். கையெழுத்துகள் அனைத்தும் இடப்பட்டிருக்கும். தகராறு எழுந்த பிறகு தொடங்கும் சங்கப் பணி பாதித் தோல்வியோடுதான் தொடங்குகிறது. எனவே இடம்பெயர்வின் ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாகப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

ஏன் புறப்படுகின்றனர்?

செவிலியர் கல்வியின் பெரும்பகுதி தனியார் கல்லூரிகளின் கையில் உள்ளது. விவசாயத் தொழிலாளர், சிறு விவசாயி, தோட்டத் தொழிலாளர், சிறு கடை வைத்திருப்போர் ஆகியோரின் குடும்பங்கள் கடன் வாங்கியே பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. படிப்பு முடிந்த மாதமே தவணை தொடங்குகிறது. அரசு மருத்துவமனைகளிலோ நிரந்தரப் பணியிடங்கள் சுருக்கப்பட்டு, அந்த இடத்தில் தொகுப்பூதியமும் ஒப்பந்தமும் அவுட்சோர்சிங்கும் புகுத்தப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே போட்டித் தேர்வெழுதித் தேர்வான செவிலியர்களுக்கே மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம்தான் வழங்கப்பட்டது. பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் நடத்திய போராட்டத்தைத் தோழர்கள் அறிவர். தேர்வில் வென்றவர்களின் நிலையே அதுவென்றால், மற்றவர்கள் பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளை நோக்கிச் செல்வதில் வியப்பில்லை.

இரண்டாவது வகையினரும் உண்டு. கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்ததால், அல்லது பணியிட மாற்றம் வந்ததால், பத்தாண்டு அனுபவத்தோடு ஊர் மாறும் செவிலியர் இவர்கள். புதிய நகரில் இவர்களது அனுபவம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. புதிதாகப் படித்து வந்தவருக்குரிய ஊதியத்திலேயே மீண்டும் தொடங்க நேர்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலையில் இரவுப் பணி இவர்களுக்குப் பெரும் சுமையாகிறது. பலர் சில மாதங்களிலேயே தொழிலை விட்டு விலகுகின்றனர். பயிற்சி பெற்ற செவிலியர் வீட்டில் முடங்க, மருத்துவமனையில் ஒருவரே இருவரின் வேலையைச் செய்யும் முரண்பாட்டை இந்த முறையே உருவாக்குகிறது.

முதல் வாசல்: பதிவேடு

செவிலியராகப் பணியாற்றுவதற்கு மாநிலக் கவுன்சிலின் பதிவு தேவை. இந்தப் பதிவேடுகள் மாகாணங்கள் தோறும் தனித்தனியே வளர்ந்தவை. சென்னை மாகாணத்தில் செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் 1926லேயே வந்தது. டெல்லி நர்சிங் கவுன்சில் சட்டமோ 1997இல்தான் இயற்றப்பட்டது. இவற்றுக்கிடையே ஓர் இணைப்பை ஏற்படுத்தும் நோக்கில் 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்ற ஒருவருக்கு, எந்த மாநிலத்தின் பதிவேட்டிலும் பெயர் சேர்ப்பதற்கு அத்தகுதியே போதுமானது. நாகர்கோவிலில் படித்தவரும் இம்பாலில் படித்தவரும் சட்டத்தின் பார்வையில் டெல்லியிலும் செவிலியரே.

நடைமுறை வேறாக உள்ளது. புதிய மாநிலத்தில் பதிய விரும்புபவர், பழைய மாநிலக் கவுன்சிலிடம் விண்ணப்பித்துத் தடையின்மைச் சான்றும் பதிவுச் சரிபார்ப்பும் பெற வேண்டியுள்ளது. அதன் பின்னரே புதிய கவுன்சில் அசல் ஆவணங்களைப் பார்த்துப் பதிவு செய்யும். கட்டணம் இரண்டு இடத்தில். காத்திருப்பும் இரண்டு இடத்தில். டெல்லியில் வாடகை கொடுத்துக்கொண்டு, சொந்த ஊரின் தலைநகரிலிருந்து வர வேண்டிய ஒரு தாளுக்காக மாதங்கள் கழிகின்றன.

இந்த இடைவெளிதான் நிர்வாகங்களுக்கு லாபமாகிறது. “இன்னும் இங்கே பதிவு ஆகவில்லையே” என்று கூறி, முழுத் தகுதி பெற்றவரையே ‘பயிற்சிச் செவிலியர்’ எனப் பெயரிட்டுக் குறைந்த ஊதியத்தில் சேர்த்துக்கொள்கின்றனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் செய்யும் வேலையில் எந்தக் குறைவும் இல்லை. ஊதியப் பட்டியலில் மட்டும் அவர் பயிற்சியாளர். பதிவு கைக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் உடனே மாறுவதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் நாடு தழுவிய மின்னணுப் பதிவேடு ஒன்றை நடத்தி, செவிலியருக்குத் தனி அடையாள எண்ணும் வழங்கி வருகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தேசிய ஆணையம் ஒன்றையும் தேசியப் பதிவேட்டையும் அமைக்க வகை செய்யும் புதிய சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கவுன்சில்களைத் தேர்தலற்ற, நியமன அமைப்புகளாக மாற்றும் மையப்படுத்தலை இடதுசாரிகள் எதிர்ப்பது சரியே. அதே வேளையில், ஒரே பதிவேடு என்று அரசு கூறும்போது, ஊர் மாறும் செவிலியர் ஏன் இரு கவுன்சில்களின் வாசலில் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வியைச் சங்கங்கள் எழுப்பியாக வேண்டும்.

இரண்டாம் வாசல்: ‘பாண்டு’ என்னும் விலங்கு

நேர்காணல் முடிந்து வேலை உறுதியான அன்று, மனிதவளப் பிரிவில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. அசல் சான்றிதழ்கள் ‘சரிபார்ப்புக்காக’ வாங்கி வைக்கப்படுகின்றன. ஓராண்டோ இரண்டாண்டோ வேலையை விட மாட்டேன், விட்டால் குறிப்பிட்ட தொகை செலுத்துவேன் என்று ‘பாண்டு’ எழுதி வாங்கப்படுகிறது. கையெழுத்திடுபவருக்குப் பெரும்பாலும் அதன் நகல்கூடக் கிடைப்பதில்லை.

மார்க்ஸ் கூலித் தொழிலாளியை இரட்டைப் பொருளில் ‘சுதந்திரமானவர்’ என்று விளக்கினார். உற்பத்திச் சாதனங்கள் ஏதுமற்றவர் என்பது ஒன்று; தனது உழைப்புச் சக்தியை விரும்பியவரிடம் விற்கும் உரிமை உடையவர் என்பது மற்றொன்று. சான்றிதழைப் பறிகொடுத்த செவிலியருக்கு இரண்டாவது சுதந்திரமும் இல்லை. அவரது உழைப்புச் சக்தி அந்தக் காகிதங்களின் வழியே மட்டுமே சந்தைக்குச் செல்ல முடியும். காகிதம் அலமாரியில் பூட்டப்பட்டால் மனிதரும் பூட்டப்படுகிறார். நவீனக் கட்டிடத்துக்குள், கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னே நடப்பது பண்ணையடிமை முறையின் சாயலே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தோழர்கள் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். பணியாளரின் கல்விச் சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தத் தொழிலாளர் சட்டமும் முதலாளிக்கு வழங்கவில்லை. தனிப்பட்ட உழைப்புக்கான ஒப்பந்தத்தைக் காட்டி ஒருவரை வேலை செய்யும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்த மீறலுக்கு நியாயமான இழப்பீட்டையே கோர முடியும். எழுதி வைத்த தொகை அதற்கான உச்சவரம்பு மட்டுமே. அதே நேரத்தில், பாண்டு என்றாலே செல்லாது என்று வாக்களித்துவிடவும் கூடாது. பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலத்தையும் இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே, கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட ஒருவர் அருகில் இருப்பது, பின்னர் நடத்தும் வழக்கைவிடப் பயனுள்ளது.

பாண்டு முடியும் முன் விலகினால், மருத்துவமனைகள் பயன்படுத்தும் இன்னோர் ஆயுதம் அனுபவச் சான்றிதழ். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான பொதுத் தேர்வை எழுத, பட்டயம் மட்டும் பெற்ற செவிலியருக்குக் குறைந்தது 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கும் அனுபவச் சான்று கட்டாயம். எனவே அந்த ஒரு கடிதத்தை மறுப்பதன் மூலம், செய்து முடித்த வேலையையே இல்லாததாக ஆக்கிவிட நிர்வாகத்தால் முடிகிறது. ஊதியச் சீட்டு, வருகைப் பதிவு, நியமனக் கடிதம், வைப்புநிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வைக்கச் செவிலியருக்குக் கற்றுத்தர வேண்டியது இதனால்தான்.

மூன்றாம் வாசல்: ஊதியம்

மத்திய அரசு மருத்துவமனையில் நர்சிங் அதிகாரியின் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 44,900 ரூபாய். அதே படிப்பு, அதே பணி. சாலைக்கு எதிர்ப்புறத் தனியார் மருத்துவமனையில் அதில் பாதியும் கிடைக்காத நிலை பரவலாக உள்ளது.

செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் அளித்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பரிந்துரைகள் தெளிவானவை. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100 முதல் 200 படுக்கை வரை அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்கும் குறைந்த இடங்களில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பணி நேரம், விடுப்பு, மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவையும் அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் குழு கூறியது.

டெல்லி அரசு இவற்றை நடைமுறைப்படுத்தக் கோரி 2018 ஜூனில் உத்தரவிட்டது. தனியார் மருத்துவமனைகளின் அமைப்பு அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்று, 2019 ஜூலையில் தோற்றது. ஆயினும் தாளில் வென்றது ஊதியச் சீட்டுக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் அதைக் கேட்டு வாங்கும் சங்கம் இல்லாததே காரணம்.

சங்கம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் சான்று. 2011, 2012இல் அங்கே மருத்துவமனை மருத்துவமனையாகச் செவிலியர் எழுந்தனர். 2018 ஏப்ரலில் செவிலியர்கள் நெடும்பயணம் அறிவித்திருந்த நிலையில், தனியார் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்ற அறிவிக்கையை இடது ஜனநாயக முன்னணி அரசு வெளியிட்டது. போராட்டமும் அரசின் கொள்கை நிலைப்பாடும் சந்தித்த இடம் அது.

போராட்டம் விட்டுச் சென்ற பாடங்கள்

இடம்பெயர்ந்த செவிலியரை அணிதிரட்ட முடியாது என்ற எண்ணம் சில தோழர்களிடையே உண்டு. வரலாறு அதை மறுக்கிறது. 2011 அக்டோபரில் மும்பையில் கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் ஒருவரின் துயர மரணத்தைத் தொடர்ந்து, பாண்டு முறையைக் கைவிடக் கோரிச் சக செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். அதே காலகட்டத்தில் டெல்லியின் பல தனியார் மருத்துவமனைகளிலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. முன்னின்றவர்கள் வேற்று மாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவர்களே.

அந்த எழுச்சி ஏன் நிலைபெறவில்லை? விடுதி நிர்வாகத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் அன்றிரவே தங்குமிடமும் போய்விடும். மொழி தெரியாது, தொழிலாளர் துறை அலுவலகம் எங்கே உள்ளது என்பதும் தெரியாது. இரண்டாண்டில் பெரும்பாலோர் வேறிடம் செல்வதால் நேற்றைய தலைவர் இன்று இல்லை. ‘சேவை’ என்ற சொல்லைக் காட்டி உரிமைக் குரலையே குற்றமாக்கும் போக்கும் உள்ளது. மாநில வாரியாகப் பிரிந்து, கேரளத்தவர், மணிப்பூரியர், ராஜஸ்தானியர், தமிழர் என்று தனித்தனிக் குழுக்களாக வாழும் நிலையை நிர்வாகங்கள் நன்கு பயன்படுத்துகின்றன.

2020 மே மாதத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட செவிலியர் வேலையை விட்டு ஊர் திரும்பினர். மணிப்பூரிலிருந்து மட்டும் முதலில் 185 பேர். பெருந்தொற்றின் நடுவே கடமையை உதறினர் என்று அவர்களைப் பழித்தவர்கள் பலர். பாதுகாப்பின்மையும், ஊதியக் குறைப்பும், வடகிழக்கு முகத்தைப் பார்த்து ‘கொரோனா’ என்று கேலி செய்த இனவெறியும் அவர்களை விரட்டின என்பதைப் பேசியவர்கள் சிலரே. சங்கமற்ற தொழிலாளியின் எதிர்ப்பு ஊர் திரும்புவதாகவே வெளிப்படும். அது தோல்வியின் வடிவம். ஆனால் எதிர்ப்பின் வடிவமும் கூட.

புதிய சட்டங்களின் பொறி

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிலைமையை மேலும் கடினமாக்குகின்றன. மருத்துவமனையும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்று 1978இல் பெங்களூர் குடிநீர் வழங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ அறப்பணி, சமூக சேவை நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. நாட்டின் பெரிய மருத்துவமனைகள் பலவும் அறக்கட்டளைப் பெயரிலேயே இயங்குகின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

தானாகவே வேறு மாநிலம் வந்து வேலை தேடிக்கொண்டவரும் புலம்பெயர் தொழிலாளியே என்று பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஏற்கிறது. இது 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத விரிவு. ஆனால் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவர் அதில் அடங்க மாட்டார் என்று உடனே வாசலை அடைக்கிறது. நீதிமன்றம் சொன்ன குழுவின் கடைசிப் படி 20,000 ரூபாய். அதாவது, நியாயமான குறைந்தபட்ச ஊதியம் பெறும் செவிலியர் சட்டத்தின் கண்ணில் புலம்பெயர் தொழிலாளி அல்லர். புலம்பெயர் தொழிலாளியாக ஏற்கப்படும் செவிலியர் நியாயமான ஊதியம் பெறுபவர் அல்லர்!

செய்ய வேண்டியவை

தோழர்களே, கோரிக்கைகள் தெளிவாக உள்ளன. ஒரு மாநிலப் பதிவு எல்லா மாநிலத்திலும் உடனடியாக ஏற்கப்பட வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைப்பது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டுக் குழுவின் பரிந்துரைகள் சட்டமாக்கப்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் காலிப் பணியிடங்கள் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். ஆனால் இந்தக் கோரிக்கைகளைத் தூக்கிச் செல்லும் அமைப்பைக் கட்டும் வேலை மிகச் சிறியவற்றிலிருந்து தொடங்குகிறது.

முதலாவதாக, புறப்படும் ஊரில். ஊர் மாறப்போகும் செவிலியர், வேலையை விடுவதற்கு முன்பே பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கவுன்சிலின் தடையின்மைச் சான்று ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்படி சொந்த ஊர்க் கிளைகள் வழிகாட்ட வேண்டும். எல்லா ஆவணங்களுக்கும் சான்றொப்பமிட்ட நகல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும். ‘வேலை வாங்கித் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்கும் முகவர்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும்.

இரண்டாவதாக, வந்திறங்கும் நகரில். தமிழர் குடியிருப்புகள் உள்ள பகுதிகளில், வாரம் ஒரு மாலையாவது ஓர் உதவி மையம் இயங்க வேண்டும். எந்த மருத்துவமனை பாண்டு கேட்கிறது, எங்கே ஊதியம் தேதி தவறாமல் வருகிறது, எங்கே பதிவு வரும்வரை ‘பயிற்சியாளர்’ என்று நிறுத்தி வைக்கின்றனர் என்ற விவரங்களைப் பணியில் உள்ள செவிலியரே தொகுத்து வைக்கலாம். முதல் சில வாரங்களுக்கு மருத்துவமனை விடுதியை நம்பியிராமல் தங்குவதற்கு ஏற்பாடு செய்ய முடிந்தால், பேரம் பேசும் வலிமை உடனே கூடும்.

மூன்றாவதாக, கையெழுத்திடும் நாளில். அசலைக் காட்டலாம், நகலை மட்டும் கொடுக்கலாம். அசலை வாங்கியே தீருவோம் என்றால், எந்தெந்த ஆவணம், எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காகப் பெறப்பட்டது, எப்போது திருப்பித் தரப்படும் என்று எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கேட்க வேண்டும். அந்தச் சீட்டு ஒன்றே பின்னர் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பேசும்.

நான்காவதாக, பணியிடத்தில். தமிழர் சங்கமாக அல்ல, செவிலியர் சங்கமாக அமைப்பைக் கட்ட வேண்டும். தமிழில் தொடங்கும் உரையாடல் மலையாளத்தையும் இந்தியையும் மணிப்பூரியையும் சென்றடைய வேண்டும். வார்டு உதவியாளர், துப்புரவுத் தொழிலாளர், ஆய்வகப் பணியாளர் ஆகியோரும் உடன் நிற்காத செவிலியர் போராட்டம் தனிமைப்படுத்தப்படும். ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்ற கேள்வியை மக்கள் முன் வைத்தால், நோயாளிகளின் குடும்பங்களும் பக்கபலமாக நிற்கும். களைத்துப்போன செவிலியரின் கையில் மருந்தூசி இருப்பது நோயாளிக்கும் ஆபத்தே.

ஊர் மாறுபவர் தனியாக இருக்கும் அந்தச் சில வாரங்களையே மூலதனம் குறிவைக்கிறது. அந்த வாரங்களில் தோழமையோடு அருகில் நிற்கும் இயக்கத்தை அவர் மறக்க மாட்டார். அடுத்த நகரத்துக்கு அவர் மாறிச் செல்லும்போது அமைப்பும் அவரோடு செல்லும். செவிலியர் இடம்பெயர்வதால் சங்கம் கலைகிறது என்று வருந்துவதை விட்டு, செவிலியர் செல்லும் இடமெல்லாம் சங்கம் பரவும் நிலையை உருவாக்குவோமாக!